ஜெல்லிஃபின் முன்னால் ரிவர்ஸ் ப்ராக்ஸி: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, நம் படங்களை டிவிக்கும் போனுக்கும் அனுப்பும் ஜெல்லிஃபின் சர்வர், வெளியிலிருந்து வரும் கோரிக்கையை வாங்கி அதனிடம் கொடுக்கும் ரிவர்ஸ் ப்ராக்ஸியான என்ஜின்எக்ஸ், இரண்டும் டாக்கரில் தனித்தனி கன்டெய்னர்களாக ஓடுகின்றன. வீட்டுக்குள் ஐபி போட்டால் படம் வருகிறது. டொமைன் பெயரில் போனால் 502 பேட் கேட்வே என்ற எரர்.

பதில்: ப்ராக்ஸியில் 127.0.0.1:8096 என்று எழுதியிருப்பாய் தம்பி. 127.0.0.1 என்றால் ‘என் சொந்த முகவரி’. டாக்கரில் ஒவ்வொரு கன்டெய்னரும் தனி வீடு. என்ஜின்எக்ஸ் அந்த முகவரியைக் கூப்பிட்டால் தன் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறது. ஜெல்லிஃபினின் போர்ட்டான 8096-இல் அங்கே யாரும் இல்லை, அதனால்தான் 502. இரண்டையும் ஒரே நெட்வொர்க்கில் போட்டு, ஐபிக்குப் பதில் கன்டெய்னரின் பெயரைக் கொடு. டாக்கர் தானாக வைத்திருக்கும் பிரிட்ஜ் நெட்வொர்க்கில் பெயர் எடுபடாது. நீயே ஒரு நெட்வொர்க் உருவாக்கு. கன்டெய்னர்களை வரையறுக்கும் கம்போஸ் கோப்பு ஒன்றிலேயே இரண்டும் இருந்தால் அந்த வேலையும் மிச்சம்.

எனக்கு இதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. என்ஜின்எக்ஸின் எரர் லாகை (பிழைப் பதிவை) திறந்திருந்தால் முதல் வரியிலேயே ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு’, பக்கத்திலேயே முகவரி. லாகைப் பார்க்காமல் கன்ஃபிக்கில் கை வைக்காதே. ரவுட்டரில் 8096-ஐத் திறந்திருந்தால் இப்போதே மூடு. வெளியே ப்ராக்ஸிக்கு 80, 443 போர்ட்கள் போதும்.

கேள்வி: லாகின் ஆகிறது, படமும் ஓடுகிறது. பல பேர் ஒரே நேரத்தில் சேர்ந்து பார்க்கும் சின்க்பிளே மட்டும் வேலை செய்யவில்லை.

பதில்: அதற்கு வெப்சாக்கெட் வேண்டும், அதாவது திறந்தே இருக்கும் இருவழி இணைப்பு. அதைக் கேட்கும் அப்கிரேட், கனெக்ஷன் ஹெடர்களை என்ஜின்எக்ஸ் தானாகக் கடத்தாது. நாமே எழுத வேண்டும், ஹெச்டிடிபி 1.1 என்றும் சொல்ல வேண்டும். கேடி (Caddy) என்ற வேறு ப்ராக்ஸியைப் பயன்படுத்தினால் இந்தத் தலைவலி இல்லை.

கேள்வி: ஜெல்லிஃபின் டேஷ்போர்டில் எல்லோருடைய ஐபியும் 172.18.0.3 என்றே தெரிகிறது, சார்.

பதில்: அது உங்கள் ப்ராக்ஸியின் முகவரி. பார்ப்பவரின் உண்மையான ஐபியைச் சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரை அனுப்புங்கள். ஜெல்லிஃபின் நெட்வொர்க் அமைப்பில் ‘நோன் ப்ராக்ஸீஸ்’ இடத்தில் அந்த முகவரியைப் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். விட்டால், வெளியூரில் இருப்பவரையும் வீட்டு ஆள் என்று நினைத்துக்கொள்ளும். வெளியாட்களுக்கு வைத்த பிட்ரேட் (வீடியோ வேக) வரம்பு அவரிடம் பலிக்காது.

கேள்வி: எனக்கும் 502.

பதில்: முதல் பதில்.

கேள்வி: போர்ட் ஃபார்வர்ட் செய்தும் வெளியிலிருந்து ஒன்றும் வரவில்லை. ரவுட்டரில் வான் (WAN, இணையப் பக்க) ஐபி 100.72 என்று தொடங்குகிறது.

பதில்: 100.64 முதல் 100.127 வரை சிஜிநாட்டுக்கு (CGNAT) ஒதுக்கியது. அதாவது, ஒரே பொது ஐபியைப் பல வீடுகள் பங்கு போடுகின்றன. உங்கள் ரவுட்டரில் எதைத் திறந்தாலும் பயனில்லை. இணைய நிறுவனத்திடம் ஸ்டாட்டிக் ஐபி கேளுங்கள், இல்லையென்றால் இப்படிப் பங்கு போடத் தேவையில்லாத புதிய வகை முகவரியான ஐபிவி6.

கேள்வி: இதற்கு, நம் சாதனங்களை மட்டும் தமக்குள் இணைக்கும் டெய்ல்ஸ்கேல் என்ற விபிஎன் போட்டால் ப்ராக்ஸியே வேண்டாமே?

பதில்: நீங்கள் ஒருவர்தான் பார்ப்பீர்கள் என்றால் அதுதான் நல்லது. சிஜிநாட்டையும் தாண்டும், வெளியே எதையும் திறக்க வேண்டாம். ஆனால் என் மாமனார் வீட்டில் சாம்சங் டிவி. அதற்கு டெய்ல்ஸ்கேல் செயலி கிடையாது.

கேள்வி: ஆண்ட்ராய்டு பெட்டி ஒன்று வாங்கிக் கொடுங்களேன்.

பதில்: அவரிடம் இப்போதே இரண்டு ரிமோட். மூன்றாவது வந்தால் ராத்திரி பத்து மணிக்கு எனக்குத்தான் போன் வரும்.

கேள்வி: பாதுகாப்பைவிட ரிமோட் முக்கியமா?

பதில்: பொது இணையத்தில் வைத்தால் ஆபத்து கூடும், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் மாமனாருக்கு அட்மின் உரிமை இல்லாத தனிக் கணக்கு, நீளமான பாஸ்வேர்டு. அப்டேட்டையும் நான் தள்ளிப்போடுவதில்லை. 8096-ஐ மூடச் சொல்வதும் இதற்குத்தான்.

கேள்வி: அண்ணா, 502 வருகிறது…

பதில்: லாகில் என்ன இருக்கிறது?

கேள்வி: கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு.

பதில்: எந்த முகவரிக்கு?

கேள்வி: 127.0.0… சரி அண்ணா, புரிந்துவிட்டது.