சாசேஜ் சமையல்: நீங்கள் கேட்டவை

ஜெர்மனியின் நூரன்பெர்க் நகரில், ஓர் உணவகச் சமையலறையில் பல வருடமாக வேலை செய்கிறேன். நம் ஊரில் இட்லி எப்படியோ, இங்கே சாசேஜ் அப்படி. வேலை முடிந்து களைப்போடு வீட்டுக்கு வந்தால், அரை மணி நேரத்துக்குள் சூடான சாப்பாடு ஆகிவிடும். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

சென்னையில் தனியாகத் தங்கி வேலை பார்க்கிறேன். ஃப்ரீசரில் இருக்கும் சிக்கன் சாசேஜை எடுத்து எண்ணெயில் போட்டால் வெளியே கருகுது, வெடிக்குது, உள்ளே ஜில்லுன்னு இருக்கு. என்ன தப்பு பண்றேன் அக்கா?

தீ அதிகம் தம்பி. முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். பாக்கெட்டையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். ஏற்கெனவே வேகவைத்த சாசேஜா, பச்சையா என்பதை வைத்துத்தான் மற்ற எல்லாமே.

சட்டி சூடாகும்வரை காத்திருக்க வேண்டாம். குளிர்ந்த சட்டியிலேயே சாசேஜை அடுக்கி, கால் டம்ளர் தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு, சிறுதீயில் வையுங்கள். வெந்த சாசேஜுக்கு நாலைந்து நிமிடம் போதும், பச்சைக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். அப்புறம் மூடியை எடுத்துவிடுங்கள். தண்ணீர் சுண்டச் சுண்ட, கொதிக்கும் சத்தம் மாறிப் பொரிகிற சத்தம் வரும். அந்த நேரத்தில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, உருட்டி உருட்டிச் சிவக்க விடுங்கள். முள்கரண்டியால் குத்தாதீர்கள். ஓட்டை விழுந்தால் உள்ளே இருக்கும் சாறும் கொழுப்பும் வெளியே வந்து, சாசேஜ் சக்கையாகிவிடும்.

பச்சை சாசேஜ் என்றால் நடுவில் 71 டிகிரி செல்சியஸ் சூடு ஏற வேண்டும், கோழி என்றால் 74. வெப்பமானி இல்லையா? ஒன்றை வெட்டிப் பாருங்கள். பச்சைக் கோழிக்கறியில் துளி ரத்தச் சிவப்போ வழவழப்போ தெரிந்தால், இன்னும் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள்.

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன் அக்கா. கடையில சாப்பிடுற டெவில்ட் சோசேஜஸ் மாதிரி வீட்டில வருகுதில்லை. சொதசொத எண்டு போகுது.

முந்தைய பதிலில் சிறுதீ என்றேன், டெவில்ட் என்ற இந்தக் காரப் பிரட்டலுக்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். வெந்த சாசேஜைச் சரிவாக வெட்டி, ஓரம் சுருளும்வரை எண்ணெயில் பொரித்துத் தனியாக எடுத்து வையுங்கள். சாஸ் எல்லாவற்றையும் அடுப்பு மூட்டும் முன்பே ஒரு கிண்ணத்தில் கலந்துவிடுங்கள்: தக்காளி சாஸ் மூன்று மேசைக்கரண்டி, சோயா சாஸ் ஒரு தேக்கரண்டி, கொஞ்சம் வினிகர், ஒரு சிட்டிகை சீனி, இடித்த செத்தல் மிளகாய் (காய்ந்த மிளகாய்). தாச்சி (வாணலி) புகையும் அளவுக்குக் காய்ந்ததும் பூண்டு, பெரிய துண்டுகளாக வெட்டிய பம்பாய் வெங்காயம் (பெரிய வெங்காயம்), கறிமிளகாய் (காரம் குறைந்த பெரிய மிளகாய்) போட்டு ஒரே நிமிடம் பிரட்டுங்கள். தக்காளித் துண்டு கடைசியில். சாசேஜையும் சாஸையும் சேர்த்து இன்னும் அரை நிமிடம், உடனே இறக்கிவிடுங்கள். வெங்காயம் தண்ணீர் விடுவதற்குள் வேலை முடிந்துவிட வேண்டும். உப்பு வேண்டவே வேண்டாம். சாசேஜிலும் சோயாவிலும் இருப்பதே தாராளம்.

சிக்கன் சாசேஜ் என்று எழுதியிருந்தால் நம்பி வாங்கலாமா? நாங்கள் ஹலால் மட்டுமே சாப்பிடுகிறோம்.

அது மட்டும் போதாது. கறி கோழியாக இருந்தாலும் அதை அடைத்திருக்கும் உறை வேறாக இருக்கலாம். கொலாஜன் என்ற புரதத்தால் ஆன உறை பெரும்பாலும் மாட்டுத் தோலிலிருந்து எடுப்பது. இயற்கை உறை என்றால் ஆட்டுக்குடலாகவும் இருக்கலாம், பன்றிக்குடலாகவும் இருக்கலாம். தோலில்லாத சாசேஜைப் பொதுவாகச் செல்லுலோஸ் உறையில் வேகவைத்து உரித்துவிடுவார்கள், அந்த உறை தாவரப் பொருள். ஹலால் முத்திரை, உறை என்னவென்ற விவரம் இரண்டையும் பாருங்கள். மாட்டுக்கறி சாப்பிடாதவர்களும் உறையைக் கவனிப்பது நல்லது.

மியூனிக்கில் படிக்க வந்திருக்கிறேன். வைஸ்வுர்ஸ்டைக் கொதிக்க வைத்தேன், எல்லாம் வெடித்துவிட்டது. கடையில் இத்தனை வகை இருக்கிறதே, எதை எப்படிச் சமைப்பது?

வைஸ்வுர்ஸ்ட் கன்றுக்கறியும் பன்றிக் கொழுப்பும் பார்ஸ்லியும் சேர்ந்தது. கடையில் வாங்கும்போதே வெந்திருக்கும், சூடாக்கினால் போதும். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டுப் போடுங்கள், பத்து நிமிடம். தோலை உரித்துவிட்டு, இனிப்புக் கடுகு சாஸோடும் பிரெட்ஸெல் ரொட்டியோடும் சாப்பிடுங்கள்.

அனலில் வாட்ட வெளிர்நிற பிராட்வுர்ஸ்ட் வகைகளை வாங்குங்கள். வீனர் போன்ற சிவந்தவற்றில் நைட்ரைட் உப்பு இருக்கும். கடும் சூட்டில் அது நைட்ரோசமைன் என்ற கெடுதலான பொருளாக மாறக்கூடும். அவற்றை வெந்நீரில் போட்டு எடுங்கள்.

எங்கள் ஊர் சாசேஜ் விரல் அளவுதான்: 7 முதல் 9 செ.மீ. நீளம், 20 முதல் 25 கிராம் எடை. மர்ஜோரம் என்ற மூலிகை மணக்கும். 2003 முதல் 'நூரன்பெர்கர் பிராட்வுர்ஸ்ட்' என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பு உண்டு. இங்கே தெருவில் மூன்றை ஒரு பன்னில் வைத்துத் தருவார்கள். ஆனால் நான் உங்களைச் செய்யச் சொல்வது 'பிளாவெ சிப்ஃபெல்', அதாவது 'நீல முனைகள்'. பச்சை பிராட்வுர்ஸ்டை வினிகர்ச் சாற்றில் வேகவைக்கும், எங்கள் ஊர் இருக்கும் பிராங்கோனியா பகுதியின் பழைய சமையல். இரண்டு பெரிய வெங்காயத்தை வளையமாக நறுக்கி, ஒரு கேரட், பிரிஞ்சி இலை, பத்து மிளகு, ஒரு லிட்டர் தண்ணீர், உப்பு, கொஞ்சம் சர்க்கரை சேர்த்துக் கொதிக்க விடுங்கள். வெங்காயம் பாதி வெந்த பிறகுதான் வினிகர், கால் டம்ளருக்குக் குறையாமல். முதலிலேயே ஊற்றினால் வெங்காயம் நறுக்கு நறுக்கென்றே நின்றுவிடும். அப்புறம் தீயைக் குறைத்துச் சாசேஜைப் போட்டு, கொதி வராமல் இருபது நிமிடம் வையுங்கள். வினிகரில் தோல் லேசாக நீலம் பாய்ந்து வெளிறும், பயப்பட வேண்டாம், பெயரே அதனால் வந்ததுதான். குளிர்காலத்தில் சளி பிடித்த இரவுகளில் ரசத்துக்குப் பதிலாக எனக்கு இந்தச் சாறுதான். கறுப்பு ரொட்டியை அதில் தோய்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள்.

கோவாவிலிருந்து மாலை மாலையாகக் கோத்த சோரிசோ வாங்கி வந்தேன். புளிப்பு வாடை அடிக்கிறது. கெட்டுவிட்டதா?

பூஞ்சையோ பிசுபிசுப்போ இல்லையென்றால் அது வினிகர் வாடைதான். பன்றிக்கறியை வினிகர், மிளகாய், பூண்டில் ஊறவைத்துக் காயவைப்பது. அப்படியே சாப்பிடக் கூடாது. உறையை நீக்கி, வெங்காயத்தோடு கொஞ்சம் தண்ணீரில் நன்றாக வேகவையுங்கள். எண்ணெய் ஊற்றவே வேண்டாம், அதிலேயே சிவப்பு நெய் போலக் கொழுப்பு இறங்கும். ஊறவைத்த சீரகச் சம்பா அரிசியை அந்தக் கொழுப்பில் போட்டு வேகவைத்தால் அருமையான புலாவ். மசாலா எதுவும் கூட்டாதீர்கள்.

மூன்று வயதுக் குழந்தைக்குத் தினமும் கொடுக்கலாமா?

தினமும் வேண்டாம் அம்மா. சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியைத் தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் சொன்னது. எப்போதாவது கொடுக்கும்போது வட்டமாக வெட்டாதீர்கள். தொண்டைக்குழியை அப்படியே அடைத்துக்கொள்ளும். நீளவாக்கில் நாலாகப் பிளந்து, பொடியாக நறுக்குங்கள்.

இரண்டு பச்சை சாசேஜ்தான் மிச்சம். நாலு பேருக்கு என்ன செய்வது?

தோலைக் கீறிக் கறியைப் பிதுக்கி எடுங்கள். அது உப்பும் மசாலாவும் சேர்ந்த தயார்க் கொத்துக்கறி. கடுகு, சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, வெங்காயம் வதக்கி, கறியைக் கரண்டியால் உதிர்த்துச் சிவக்கும்வரை கிளறுங்கள். வேகவைத்து உதிர்த்த நாலு உருளைக்கிழங்கைக் கொட்டிப் பிரட்டி, எலுமிச்சை பிழியுங்கள். சப்பாத்திக்குள் சுருட்டினால் நாலு பேருக்கும் வரும்.