மூன்றேகால் கட்டமா, மூன்றேமுக்கால் கட்டமா?

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு 61 வயது. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது. எக்கோவில் பம்பிங் 28 சதவீதம்தான். மாத்திரை தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. இதயச் சுவர்களை ஒத்துத் துடிக்க வைக்கும், மூன்று லீட் (கம்பி) உள்ள சிஆர்டி பேஸ்மேக்கர் வைக்கலாம் என்கிறார்கள். ஷாக் கொடுக்கும் வகையா, சாதாரண வகையா, எதை வாங்குவது? எந்தக் கம்பெனி நல்லது? பின்னால் எம்ஆர்ஐ எடுக்க முடியுமா? 28 என்பது ரொம்பக் குறைவுதானே?

செ.

அன்புள்ள செ.,

அம்மா மூச்சுக்குத் தவிப்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பவரின் பயம் உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. 28-ஐக் கண்டு கலங்க வேண்டாம். மருந்திலேயே அதிலிருந்து மேலேறி வந்த இதயங்கள் நிறைய உண்டு.

ஆனால் கோபம் வருகிறது, சொல்லிவிடுகிறேன். 28 என்று இரண்டு முறை எழுதிய நீங்கள் ஈசிஜியைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. கம்பெனிப் பேச்சை விடுங்கள். எம்ஆர்ஐக்கு, பெட்டி, லீடுகள் இரண்டுமே ஏற்றவையா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டால் போதும். எனக்குச் சில நாட்களாக மனதில் ஓடிக்கொண்டிருப்பது வேறு. பம்பிங் எண்ணை மட்டும் பார்த்து சிஆர்டி முடிவு செய்யவே கூடாது.

சிஆர்டி பலவீனத்துக்கான மருந்து அல்ல, ஒத்திசைவு கெட்டதற்கான மருந்து. இதயத்தின் இடப்பக்க மின்பாதை அடைபடும் லெஃப்ட் பண்டில் பிளாக்கில் நடுச்சுவர் முதலில் சுருங்கும்; இடது வெளிச்சுவர் தாமதமாகச் சுருங்கும்போது நடுச்சுவர் தளர்ந்துவிட்டிருக்கும். ஏரில் பூட்டிய ஒரு மாடு இழுத்து ஓய்ந்தபின் மற்றது இழுப்பதுபோல. வெளிச்சுவர்ப் பக்க ரத்தக்குழாய்க்குள் வைக்கும் மூன்றாவது லீட் அந்தத் தாமதத்தைத்தான் சரிசெய்கிறது. தாமதமே இல்லாத இதயத்தில் அது எதைச் சரிசெய்யும்?

அந்தத் தாமதம் ஈசிஜியில் க்யூஆர்எஸ், அதாவது இதயத்தின் கீழறைகள் சுருங்கத் தூண்டப்படும்போது எழும் கூரான அலை, அகலமாவதில் தெரியும். தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடினால் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லி செகண்ட். 150 மில்லி செகண்ட் என்பது மூன்றேமுக்கால் கட்டம், 130 என்பது மூன்றேகால். நடுவில் அரைக் கட்டம்தான். மெஷின் அச்சடித்த எண்ணை அப்படியே நம்பாமல், ஈசிஜியின் பன்னிரண்டு பதிவுகளிலும் (இவற்றுக்கும் லீட் என்றுதான் பெயர்) எது முதலில் தொடங்குகிறது, எது கடைசியில் முடிகிறது என்று பார்த்துக் கையால் அளக்கச் சொல்லுங்கள். லெஃப்ட் பண்டில் பிளாக்கோடு 150-க்கு மேல் என்றால் பலன் கிடைக்க வாய்ப்பு மிக அதிகம். 130-க்குக் கீழே என்றால் வேண்டாம். இதயத்தின் மின்பாதை அடைபட்டு எப்படியும் பேஸ்மேக்கர் தேவைப்படுபவர்கள் மட்டும் விலக்கு. நடுவில் இருந்தால் வடிவத்தைப் பாருங்கள்: ஈசிஜியின் லீட் 1, ஏவிஎல், வி1, வி2, வி5, வி6 ஆகியவற்றில் குறைந்தது இரண்டில் க்யூஆர்எஸ்-சின் நடுவே வெட்டு இருந்தால் அது நிஜமான லெஃப்ட் பண்டில் பிளாக். ரைட் பண்டில் பிளாக் என்றால் பலன் குறைவு. பெண்களுக்கு இதயம் சிறியது, 130-க்கும் 149-க்கும் இடையிலேயே நல்ல பலன் கிடைக்கிறது. மூன்று பெரிய ஆய்வுகளைச் சேர்த்து 2014-இல் வந்த அலசல் இதைக் காட்டியது. உங்கள் அம்மாவுக்கு இது முக்கியம்.

“எக்கோவில் ஒத்திசைவு கெட்டது தெரிகிறது” என்று யாராவது சொல்வார்கள். எக்கோ சிஆர்டி ஆய்வு (2013) அதைத்தான் சோதித்தது: க்யூஆர்எஸ் 130-க்குக் கீழ், எக்கோவில் ஒத்திசைவின்மை, பம்பிங் 35 அல்லது அதற்குக் கீழ். எல்லோருக்கும் கருவி வைத்து, ஒரு பாதிப் பேருக்கு மட்டும் சிஆர்டியை இயக்கினார்கள். இயக்கியவர்களில் 11.1 சதவீதம் பேர் இறந்தார்கள், இயக்காதவர்களில் 6.4. ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். நல்ல ஒத்திசைவில் துடிக்கும் இதயத்தைக் கருவி குலைத்துவிடலாம் என்பதை இதற்குமேல் எப்படிச் சொல்வது?

அடுத்தது, மூன்று வாரம்! பீட்டா பிளாக்கர், சகுபிட்ரில்-வல்சார்டன், ஸ்பைரோனோலாக்டோன், டாபாகிளிஃப்ளோசின் ஆகிய நான்கு வகையும், ரத்த அழுத்தம், பொட்டாசியம், கிரியேட்டினின் பார்த்துப் பார்த்து, தாங்கும் அளவுக்கு உயர்த்திக் குறைந்தது மூன்று மாதம் ஓட வேண்டும். பிறகுதான் எக்கோ. பம்பிங் 35-ஐத் தாண்டினால் கருவிப் பேச்சே தேவைப்படாமல் போகலாம். மயக்கம் போட்டு விழுந்தாலோ நாடி மிகவும் தணிந்தாலோ காத்திருக்க வேண்டாம், உடனே டாக்டரிடம் போங்கள்.

ஷாக் வகையா என்ற உங்கள் கேள்வி இதற்கெல்லாம் பிறகு வருவது. இதயத்தில் மாரடைப்பின் வடு இருக்கிறதா என்பதும் அதில் சேரும்.

இப்போது இருக்கும் ஈசிஜியின் முழுத் தாளையும், பழையது ஏதாவது வீட்டில் இருந்தால் அதையும், மூன்று மாதம் கழித்து எடுக்கும் எக்கோவோடு டாக்டர் முன் வையுங்கள். கட்டங்களை எண்ணித் தரச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.