பால், தயிர் இல்லாமல் சென்னையில் வீகனாகச் சாப்பிட முடியுமா?

பிறந்ததிலிருந்து சைவம், இனி பால், தயிர், நெய்யையும் விட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். இட்லி, சாம்பார், சுண்டல், பொரியல் எல்லாம் ஏறக்குறைய வீகன்தான். ஓட்டலில் மட்டும் வாய்விட்டுக் கேளுங்கள். பொங்கலில் நெய் இல்லாமல் இருக்கவே இருக்காது.

உண்மையான சிக்கல் தயிர்சாதம். அதற்கு வேர்க்கடலையிலேயே தயிர் செய்துகொள்ளலாம். வேர்க்கடலையை இரவு ஊறவைத்துத் தோல் நீக்கி, மூன்று பங்கு தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டுங்கள். அடிபிடிக்காமல் கிளறிக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறியதும் நாலைந்து பச்சைமிளகாயைக் காம்போடு போட்டு மூடிவையுங்கள். சென்னை வெயிலுக்கு ஒரே இரவில் உறைந்துவிடும். கடலை வாசம் கொஞ்சம் இருக்கும்; கடுகும் பெருங்காயமும் தாளித்தால் அடங்கிவிடும். அடுத்த முறைக்கு இதுவே உறை. காபிக்குச் சோயா பால் போதும், ஆனால் கொதிக்கும் டிகாக்‌ஷனை ஊற்றினால் திரிந்துவிடலாம். பால் இல்லாத காபி பிடித்துப்போனால் இன்னும் நல்லது.

கால்சியத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது: 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம். எள்ளும் சேருங்கள். வைட்டமின் பி12 விஷயத்தில்தான் அலட்சியம் கூடாது. இதுவரை அது உங்களுக்குப் பாலிலிருந்து வந்தது. தாவர உணவை நம்ப முடியாது. குறைந்தால் இரத்தசோகை, கை கால் மரத்துப்போதல் எல்லாம் வரும். இப்போதே இரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரையைத் தொடங்கிவிடுங்கள்.