பத்து நிமிடப் பயத்துக்காகப் பட்டப்படிப்பை மாற்றாதீர்கள்

"மகள் வகுப்பில் ஆய்வை அளிக்கை செய்ய எழும்பியவள் மூன்றாவது நிமிடத்தில் வாயடைத்து நின்றுவிட்டாள். இனிக் கம்பசுக்குப் போகமாட்டேன் என்று அழுகிறாள்" என வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பிள்ளை கலைப்பீடத்தில் புவியியல் இரண்டாம் வருடம், ஆங்கில மொழிமூலம். அடுத்த அளிக்கைக்கு மூன்று வாரம் இருக்கிறது. லண்டன் மாமாவோ, அதை விட்டுவிட்டுத் தனியார் நிறுவனத்தில் ஐ.டி. படிக்கட்டும் என்கிறாராம்.

அம்மா, உங்கள் தவிப்பு நியாயமானது. மாமாவின் யோசனை பிழையானது. ஐ.டி. படித்தாலும் இறுதி வருடச் செயற்றிட்டத்தைப் பரீட்சகர்களுக்கு முன்னால் நின்று விளக்கத்தான் வேண்டும். பயம் கூடவே போகும், கட்டணம் மட்டும் புதிதாகச் சேரும். அரச பல்கலைக்கழக இடத்துக்கு நீங்கள் கற்பித்தல் கட்டணம் கட்டவில்லை. விட்டால் அந்த இடம் திரும்ப வராது. வெளிநாட்டுப் பட்டத்துக்கு டொலரிலோ பவுணிலோ கட்டச் சொன்னால், 2022ஐ நினைத்துப் பாருங்கள்: மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. நகையை அடகு வைத்து இந்தக் கணக்கில் இறங்க வேண்டாம்.

இன்னொன்று. கொழும்பை ஒட்டிய கொலன்னாவையின் வெள்ளத்தைப் பற்றி வரைபடம் கீறிக்கொண்டு இரவிரவாக இருக்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குறையாகச் சொன்ன அந்த வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. புவியியல் என்றால் ஆசிரியர் வேலை என்று உறவினர் முடிவுகட்டிவிடுகிறார்கள். நில அளவைத் திணைக்களம், நகர அபிவிருத்தி அதிகார சபை, அனர்த்த முகாமைத்துவ நிலையம் எல்லாம் கணினி வரைபடத்தோடுதான் வேலை செய்கின்றன. அதற்கான கியூ.ஜி.ஐ.எஸ். மென்பொருள் இலவசம்; வீட்டு மடிக்கணினியே போதும்.

இனி மகளுக்கு. பிள்ளை, முதலில் ஆய்வை ஒரே கேள்வியாகச் சுருக்குங்கோ: 2016 மே மாதம் கொலன்னாவையில் வெள்ளம் ஏறிய இடங்களில் எவ்வளவு, பழைய வரைபடத்தில் சதுப்பு நிலமாக இருந்தது? முதல் வாரம் இதற்கே. ஒரு மைலை ஓரங்குலமாகக் காட்டும் பழைய வரைபடத் தாளை ஸ்கான் செய்து இன்றைய படத்தின் மேல் பொருத்தும்போது இரண்டு படத்திலும் ஒரே இடத்தைக் காட்டும் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் ஆறு, ஏழாவது வையுங்கள். பழைய சந்தி, பாலம், ரயில் கடவை போல இன்றும் அசையாமல் இருக்கும் இடங்களாக, தாளின் நாலு மூலைக்கும் பரவியிருக்க வேண்டும். எல்லாம் ஒரு பக்கம் குவிந்தால் மறுபக்கம் இழுபட்டு, ஒரு வீதி பக்கத்து வீதியில் போய் விழும். விரிவுரையாளர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பத்து நிமிடம் தந்தால் எட்டரை நிமிடத்துக்குத் தயாராகுங்கள். கேள்விக்கு ஒரு நிமிடம், செய்த முறைக்கு இரண்டு, முடிவுக்கு நாலரை, ஆய்வின் குறைபாட்டுக்கு ஒன்று. பலர் அறிக்கையை எழுதிய வரிசையிலேயே பேசப் போய், வெள்ளம் என்றால் என்ன என்பதிலேயே நாலு நிமிடம் கரைத்துவிட்டு, கண்டுபிடித்ததைக் கடைசி அரை நிமிடத்தில் கொட்டுகிறார்கள். எட்டு ஸ்லைட் தாராளம். ஒரு ஸ்லைடில் ஒரு வரைபடம். அதில் குறிவிளக்கம், அளவுத்திட்டம், வடக்கு, தரவு எங்கிருந்து வந்தது என்ற வரி. எழுத்து 28 புள்ளிக்குக் குறைந்தால் கடைசி வாங்குக்குத் தெரியாது.

ஐந்து பக்கத்தை வரிக்கு வரி பாடமாக்கினீர்களாம். நீங்கள் வாயடைத்து நின்றதற்கு அதுதான் காரணம்: பாடமாக்கியதில் ஒரு சொல் நழுவினால் அடுத்த சொல்லைப் பிடிக்க வழியில்லை. இம்முறை முதல் இரண்டு வசனம் மட்டும் பாடம். மிச்சத்துக்கு உள்ளங்கை அளவில் ஐந்து அட்டை. அதில் எண்களும், ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்ததற்குத் தாவும் வசனமும் போதும். கடைசி வாரம் நின்றுகொண்டு, வாய்விட்டு, ஃபோனில் நேரம் பார்த்து ஐந்து தடவை. அதில் ஒன்றாவது புவியியல் தெரியாத ஒருவருக்கு முன்னால். அவர் முகம் சுருங்கும் இடத்தைத் திருத்துங்கள்.

தமிழ் இடப்பெயர்களைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் உடனே யூனிகோடுக்கு மாற்றுங்கள். வகுப்புக் கணினியில் பாமினி இல்லாவிட்டால் "கொலன்னாவை" இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் நிற்கும். தொடக்கத்திலேயே கை நடுங்க அது ஒன்றே போதும். பி.டி.எஃப். பிரதி ஒன்று பென்டிரைவிலும் ஒன்று மின்னஞ்சலிலும் இருக்கட்டும்.

கேள்வி நேரத்தில் தெரியாததைத் தெரியும் என்று சொல்ல வேண்டாம். "அதை நான் அளக்கவில்லை, அளப்பதற்கு இன்ன தரவு வேண்டும்" என்பது மரியாதையான பதில்.

அம்மா, காசு கொடுத்து ஸ்லைட் செய்விக்க நினைத்திருந்தால் அது கட்டாயம் வேண்டாம். வேறொருவர் போட்ட படத்தைப் பற்றி இரண்டாவது கேள்வி கேட்டாலே பிள்ளை மறுபடி நின்றுவிடுவாள். இந்த மூன்று வாரமும் லண்டன் அழைப்பை நீங்களே எடுங்கள். பிள்ளையின் கையில் கொடுக்காதீர்கள்.