குனிஞ்சா மூச்சு முட்டுது: முதுகா, ஹார்ட்டா? (கேள்வி பதில்)

குமரி மாவட்டம் தக்கலையில் பிசியோதெரபி பார்க்கிறேன். முதுகுவலிக்கு வருகிறவர்கள் சிகிச்சை முடிந்து கிளம்பும்போது வாசலில் நின்று கேட்பது பெரும்பாலும் இதயத்தைப் பற்றித்தான். கூன் விழுந்தால் ஹார்ட் கெட்டுப்போகுமா, முதுகெலும்பை நேராக்கினால் பிரஷர் இறங்குமா என்று. அப்படி வந்த கேள்விகளில் பெயரை விட்டுவிட்டு ஊரையும் வேலையையும் மட்டும் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். மாத்திரையைக் கூட்டுவது குறைப்பதெல்லாம் உங்கள் டாக்டர் பாடு, அதில் நான் வரமாட்டேன்.

தோவாளை, பூ கட்டுபவர்: அக்கா, விடியுமுன்னே உட்கார்ந்தா ஆறு மணி நேரம் குனிஞ்ச தலை நிமிராம மாலை கட்டுறோம். இப்படி இருந்தா நெஞ்சுக்கூடு இறுகி ஹார்ட்ட அமுக்கும்னு ஒரு வீடியோல சொல்றாங்க. நெசமா?

அமுக்காதும்மா. குனிந்து உட்காரும்போது விலா எலும்புகள் வயிற்றுப் பக்கம் இறங்கும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானம் முழுசாகக் கீழே போக இடம் இருக்காது, மூச்சு மேலோட்டமாக வரும். நிமிர்ந்தால் சரியாகிவிடும். நல்ல இதயத்துக்கு இதனால் கேடு இல்லை.

ஆறு மணி நேரம் கால் அசையாமல் இருக்கிறீர்களே, அதுதான் கேடு. சர்க்கரை, பிரஷர், எடை மூன்றும் அதில் ஏறும். முதுகை நேராக வைத்துக்கொண்டு அதே ஆறு மணி நேரம் உட்கார்ந்தாலும் கணக்கு மாறாது. வீடியோக்காரர் இதைச் சொல்லமாட்டார், எழுந்து நடப்பதற்கு யாரும் பெல்ட் விற்க முடியாதே. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து அடுத்த கூடைப் பூவை நீங்களே போய் எடுத்து வாருங்கள், பையனை ஏவாதீர்கள். தரையில் உட்காராமல் உயரமான மணையில் உட்கார்ந்தால் கூன் கொஞ்சம் குறையும். நாரைக் கால் பெருவிரலில் மாட்டிக் கட்டுகிறவர்கள், அதை எதிரே நெஞ்சு உயரத்தில் ஒரு ஆணியில் மாட்டிப் பாருங்கள். தலை தானாக நிமிரும். கழுத்துவலிக்கு அதுவே பாதி வைத்தியம்.

குலசேகரம், ரப்பர் பால் வெட்டு, வயது 58: ரெண்டு மாசமா மரத்துக்குக் கீழே குனிஞ்சு வெட்டும்போது மூச்சு முட்டுது. நிமிர்ந்தா போயிருது. முதுகு பிடிச்சதுனால மூச்சு விட முடியலன்னு சொல்லி எண்ணெய் போட்டுத் தடவியாச்சு. ஒண்ணும் மாறல.

அண்ணே, எல்லாக் கேள்வியிலும் என்னைப் பயமுறுத்தியது உங்களுடையதுதான். பால்வெட்டில் பட்டை இறங்க இறங்கக் குனிவும் கூடும், அது எல்லோருக்கும் உள்ளது. ஆனால் முதுகு பிடித்தால் வலிக்கும். உங்களுக்கு வலி இல்லை, மூச்சுதான் முட்டுகிறது.

குனியும்போது வயிற்றிலும் நெஞ்சிலும் அழுத்தம் கூடுகிறது. இதயம் தளர்ந்து, உள்ளே ஏற்கெனவே அழுத்தம் ஏறிப்போய் இருந்தால், இந்தக் கொஞ்சம் கூடுதலைக்கூட அதனால் தாங்க முடியாது. உடனே மூச்சு முட்டும். இதய பலவீனத்தின் ஒரு அறிகுறியாக இதை 2014இல்தான் அமெரிக்க டாக்டர்கள் தனியாகப் பெயர் வைத்து எழுதினார்கள். அவர்கள் பார்த்த விதம் எளிது: நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பு வாரைப் போடுவதுபோல் முன்னால் குனிந்து, 30 விநாடிக்குள் மூச்சு முட்டுகிறதா என்று பார்ப்பது. தொந்தி பெரிதாக உள்ளவர்களுக்கும் இது வரலாம் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

அதனால் இன்னும் சிலது கேட்கிறேன். சாயங்காலம் கணுக்காலில் விரலை வைத்து அமுக்கினால் குழி விழுகிறதா? ஒரு தலையணை போதாமல் இரண்டு மூன்று வைத்துப் படுக்கிறீர்களா? ராத்திரி மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறீர்களா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் இந்த வாரமே போய்ப் பாருங்கள். ஈசிஜி மட்டும் போதாது, எக்கோ (இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன்) எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மூன்றுக்கும் இல்லை என்றாலும், புதிதாக வந்த மூச்சுமுட்டு டாக்டர் பார்க்க வேண்டியதுதான். தடவலை நிறுத்துங்கள். தடவினால் கெடுதல் என்பதற்காகச் சொல்லவில்லை, நாள் போகிறது.

குளச்சல், மீனவர் வீட்டம்மா: மோளே, அவருக்கு இடது தோளும் தோள்பட்டைக்குப் பின்னாடியும் வலி. வலை இழுத்த வலின்னு சாதிக்காரு. எப்படித் தெரிஞ்சுக்கிறது?

இதயத்திலிருந்து வலியைக் கொண்டுபோகும் நரம்புகள் மேல் முதுகுப் பகுதியில் தண்டுவடத்துக்குள் நுழைகின்றன. கையின் உள்பக்கம், நெஞ்சு, முதுகின் மேல்பகுதி இவற்றின் வலி நரம்புகளும் அதே இடத்துக்குத்தான் வருகின்றன. எங்கிருந்து வலி வந்தது என்று மூளைக்குக் குழம்பிவிடுகிறது. அதனால்தான் மாரடைப்பு கையில் வலிக்கிறது. கழுத்து எலும்புத் தேய்மானம் நெஞ்சில் வலிப்பதும் இதே மாதிரிக் குழப்பம்தான்.

சதைவலி என்றால் கையைத் தூக்கினால், திருப்பினால், அந்த இடத்தில் விரலால் அமுக்கினால் கூடும். இதயவலி நடந்தால், படி ஏறினால் கூடும், நின்றால் அடங்கும். விரலால் இடத்தைக் காட்ட முடியாமல் உள்ளங்கையை நெஞ்சில் வைத்துக் காட்டுவார்கள். வியர்வை, குமட்டல், தாடை வலி கூட வரும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் இந்தப் பாடம் பொய்த்துப்போகலாம், வெறும் களைப்பும் மூச்சுமுட்டும் மட்டும் வரலாம். அமுக்கினால் வலிக்கிறது என்பதற்காக இதயவலி இல்லை என்று நூற்றுக்கு நூறு சொல்லவும் முடியாது.

ஆகவே அம்மா, வீட்டில் நின்று கண்டுபிடிக்கவே முயல வேண்டாம். வேலை செய்தால் வந்து ஓய்ந்தால் போகிற வலி என்றால் நாளைக்கே காட்டுங்கள். ஓய்வெடுத்தும் விடாமல் வலித்தால், வியர்த்தால், அப்போதே 108. கடலில் இருந்தால் வலையைப் பார்க்காமல் கரைக்குத் திரும்பச் சொல்லுங்கள். தமிழக அரசு 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், அடைப்பு என்று சந்தேகம் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸ் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி தூரம் என்று யோசித்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். முதல் ஈசிஜி நார்மல் என்று சொன்னாலும் வலி இருந்தால் கிளம்பி வந்துவிடக் கூடாது. திரும்ப ஒரு ஈசிஜியும் இதயத் தசை அடிபட்டதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் பார்த்த பிறகுதான் நிம்மதி.

அருமனை, மரக்கடை: முதுகெலும்பு விலகி ஹார்ட்டுக்குப் போற நரம்பை அமுக்குதாம், அதான் பிபி ஏறுதாம். தடவி நேராக்கினா மாத்திரையே வேண்டாம்னு ஒருத்தர் சொல்றாரு. நம்பலாமா?

நம் ஜில்லாவில் வர்ம ஆசான்கள் கையால் சுளுக்கும் பிடிப்பும் சரியான ஆட்கள் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். அதை நான் குறைத்துப் பேசவில்லை. பிபி மாத்திரையை நிறுத்து என்கிற பேச்சுதான் ஆபத்து.

மாற்று இதயம் பொருத்தும்போது அதற்குப் போகும் நரம்புகள் எல்லாம் வெட்டுப்படுகின்றன. அப்படியும் அந்த இதயம் துடிக்கிறது. நிமிடத்துக்கு 90, 100 என்று கொஞ்சம் வேகமாகவே துடிக்கிறது. துடிப்பைத் தொடங்குவது இதயத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு முடிச்சு. வேகத்தைக் கூட்டிக் குறைக்கத்தான் வெளி நரம்பு. ஒரு எலும்பு லேசாக விலகி, ஒரு நரம்பு அமுங்கி, அதனால் இதயம் கெடும் என்ற கதை இங்கேயே நின்றுவிடும்.

2007இல் சிகாகோவில் 50 பேரை வைத்து ஒரு ஆய்வு வந்தது உண்மை. கழுத்தின் முதல் எலும்பைச் சரிசெய்தவர்களுக்கு மேல் பிரஷர் சராசரியாக 17 புள்ளி இறங்கியது, பொய்ச் சிகிச்சை பெற்றவர்களுக்கு 3தான் என்றார்கள். இணையத்தில் எல்லோரும் இதைத்தான் காட்டுவார்கள். 50 பேர் ஆய்வு, யோசிக்க வைக்கலாம், மாத்திரையைக் குப்பையில் போட வைக்கக் கூடாது. இன்னொன்று: கழுத்தைச் சடக்கென்று திருப்பும் வைத்தியத்தில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு. அபூர்வம்தான், ஆனால் வந்தால் திரும்பாது. கழுத்தில் மட்டும் யாரையும் நெட்டி எடுக்க விடாதீர்கள்.

நாகர்கோவில், வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலை: வீட்டு மெஷினில் 150 காட்டுது, கிளினிக்கில் 134. கட்டிலில் உட்கார்ந்து நானே எடுக்கிறேன். மெஷின் கோளாறா?

உட்காரும் விதம் பிரஷரை மாற்றுமா என்றால், இந்த இடத்தில் நிச்சயமாக மாற்றும். கட்டிலில் முதுகுக்குச் சாய்மானம் இல்லை. கால் மேல் கால் போட்டிருப்பீர்கள், கை மடியில் கிடக்கும். மூன்றுமே அளவைக் கூட்டும். கை இதய மட்டத்திலிருந்து 10 செ.மீ. தாழ்ந்தால் மட்டுமே 7, 8 புள்ளி ஏறிவிடும்.

சாய்மானம் உள்ள நாற்காலியில் உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில் இருக்கட்டும். கையை மேசையில் வைத்து பட்டை நெஞ்சு உயரத்துக்கு வரும்படி பாருங்கள். மூத்திரம் போய்விட்டு, 5 நிமிடம் பேசாமல் இருந்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுங்கள். அப்படியும் 150 என்றால் அது பிரஷர்தான். டாக்டரிடம் காட்டும்போது மெஷினையும் கொண்டுபோய் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கருங்கல், ஒரு அம்மா: மகளுக்கு 13 வயசு. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைஞ்சு 32 டிகிரி. ஹார்ட் பாதிக்குமோன்னு தூக்கம் இல்ல. ஸ்கூல் பை தூக்கினதாலயா?

பையால் இல்லை, நீங்கள் செய்த எதனாலும் இல்லை. முதலில் தூங்குங்கள். நெஞ்சுப் பகுதி வளைவு 70 டிகிரி தாண்டும்போதுதான் நுரையீரல் கொள்ளளவு கவலைப்படும் அளவுக்குக் குறைகிறது. 100ஐத் தாண்டிப் போகிறவர்களுக்கு நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறி, இதயத்தின் வலது பக்கம் தளரலாம். உங்கள் மகள் அதற்கு வெகு தூரத்தில் இருக்கிறாள்.

ஆனால் இன்னும் வளரும் பிள்ளை. 25 முதல் 40 டிகிரி என்பது பிரேஸ் (உடம்பைச் சுற்றிப் போட்டு வளைவைப் பிடித்து வைக்கும் கவசம்) போடும் காலம். 2013இல் வந்த பெரிய ஆய்வில், தினம் 13 மணி நேரத்துக்கு மேல் போட்டிருந்த பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அறுவைசிகிச்சை அளவுக்கு வளைவு போகவில்லை. பிள்ளைகள் யூனிஃபார்முக்குள் பிரேஸ் தெரிகிறது என்று பள்ளிக்கூடம் போனதும் கழற்றிப் பையில் வைப்பார்கள். திட்டாமல், ஒரு அளவு பெரிய சட்டை தைத்துக் கொடுங்கள். எலும்பு டாக்டர் சொன்ன இடைவெளியில் எக்ஸ்ரே தவறக் கூடாது. உடற்பயிற்சியால் மட்டும் நேராக்குகிறேன் என்று யாராவது, என் தொழில்காரர்களே ஆனாலும், சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இரணியல், பேத்தி: பாட்டி முந்திரி ஆபீஸில் குனிந்தே வேலை பார்த்தவங்க. 76 வயசு, நல்ல கூன். கூன் உள்ளவங்க சீக்கிரம் போயிடுவாங்கன்னு படிச்சேன்.

நீ படித்தது 2004இல் கலிஃபோர்னியாவின் ராஞ்சோ பெர்னார்டோவில் வயதானவர்களைப் பார்த்து வந்த ஆய்வாக இருக்கும். கூன் உள்ளவர்களிடம் இறப்பு கூடுதல், குறிப்பாக ரத்தக்குழாய்த் தடிப்பால் வந்த இறப்பு. அதற்காகக் கூன்தான் கொன்றது என்று ஆகாது. எலும்பு தேய்ந்தவர், நடமாட்டம் குறைந்தவர், மூச்சு குறைந்தவர் எல்லோரும் அந்தக் கூனுக்குள்ளேயே இருக்கிறார்கள்.

பாட்டியைச் சுவரோடு குதிகாலும் முதுகும் ஒட்டி நிற்கச் சொல். பின்தலை சுவரைத் தொடவில்லை என்றாலோ, இளவயது உயரத்தைவிட 4 செ.மீ. குறைந்திருந்தாலோ முதுகெலும்பில் நசுங்கல் இருக்கலாம். எலும்பு அடர்த்தி பார்க்க வேண்டும், மருந்து உண்டு. அதுவரை முதுகில் ஏறி அமுக்கித் தடவ யாரையும் விடாதே. தேய்ந்த எலும்பு அதிலேயே உடையும்.

மார்த்தாண்டம், மகன்: அப்பாவுக்கு பைபாஸ் முடிஞ்சு அஞ்சு வாரம். நிமிர்ந்தா தையல் பிரிஞ்சிரும்னு கூனியே நடக்காரு.

எல்லோரும் செய்வதுதான். நெஞ்செலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறது, நிமிர்வதால் பிரியாது. கூனியே இருந்தால் நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சளி தங்கும், தோள் இறுகும். தோளை மெதுவாகப் பின்னால் சுழற்றச் சொல்லுங்கள், இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைக்கட்டும். குடம் தூக்குவது, கையை ஊன்றி எழுவது, பைக் ஓட்டுவது எல்லாம் சர்ஜன் சொல்லும்வரை வேண்டாம். நெஞ்செலும்பு ஒன்றுசேர இரண்டு மூன்று மாதம் ஆகும். நடுவில் 'கிளிக்' என்று சத்தம் கேட்டாலோ, காய்ச்சலோ சீழோ வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

திங்கள்சந்தை, வயது 27: காலையில் முதுகு மரக்கட்டை. ஒரு மணி நேரம் நடந்தா இளகுது. ஒரு வருஷமா இருக்கு.

தம்பி, ஓய்வில் கூடி நடந்தால் குறைகிற முதுகுவலி இளவயதில் மூன்று மாதத்துக்கு மேல் நின்றால், அது முதுகெலும்பு மூட்டுகளில் வரும் வாத நோயாக இருக்கலாம். முதுகையும் இதயத்தையும் நிஜமாகவே சேர்த்துத் தொடும் நோய் இது. சிலருக்கு வருஷங்கள் கழித்து இதயத்தின் மகாதமனி வால்வு கசியும், இதயத்துக்குள் துடிப்பைக் கடத்தும் வழியும் தடைபடும். மூட்டுவாத டாக்டரைப் பார். என்னிடம் அப்புறம் வா, பயிற்சி நிறைய இருக்கிறது.

பலர் கேட்டது: இடதுபக்கம் படுக்கலாமா? நிமிர வைக்கும் பெல்ட் வாங்கலாமா?

இதயம் நன்றாக இருந்தால் எந்தப் பக்கமும் படுக்கலாம். இதய பலவீனம் உள்ள சிலருக்கு இடதுபக்கம் மூச்சு முட்டும், அவர்களே தானாக வலப்பக்கம் திரும்பிவிடுவார்கள். பெல்ட் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் தடுக்க மாட்டேன், ஆனால் கழற்றியதும் பழைய கூன்தான். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல செருப்பு வாங்கி நடக்கலாம்.