உப்பளவு 35 காட்டுகிறது, நம்பலாமா? கடல்நீர்த் தொட்டிக் கேள்வி பதில்

கேள்வி: சார், ரிஃப்ராக்டோமீட்டரை (ஒளி வளைவதை வைத்து உப்பளவைக் காட்டும் கருவி) உப்பு நீக்கிய ஆர்ஓ தண்ணீரில் சைபருக்கு வைத்துவிட்டுத்தான் தொட்டியை அளக்கிறேன். 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) காட்டுகிறது. நண்பரின் கருவியில் அதே தண்ணீர் 33 என்கிறது. எதை நம்புவது?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் நம்ப வேண்டாம். சைபரில் ஒழுங்காக நிற்கிற கருவி 35-லும் ஒழுங்காக நிற்கும் என்று கட்டாயம் கிடையாது. நாம் அளக்கப்போவது 35-க்குப் பக்கத்தில். அப்படியென்றால் சரிபார்ப்பதும் அங்கேதான் நடக்க வேண்டும். 35 பிபிடி என்று குறித்து விற்கும் திரவத்தில் ஒரு சொட்டு எடுத்துக் கருவியின் கண்ணாடியில் விட்டு, கோடு 35-ல் விழும்படி திருகைத் திருப்புங்கள். நண்பரின் கருவிக்கும் அதையே செய்யுங்கள். வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடும்.

இன்னொரு சங்கதி. மலிவாகக் கிடைக்கும் ரிஃப்ராக்டோமீட்டர்கள் பலவற்றின் அளவுகோல் கடல்நீருக்கானதே அல்ல, சாதாரண உப்புக் கரைசலுக்கானது. கடல்நீரில் மெக்னீசியம், சல்பேட் எல்லாம் கலந்திருப்பதால் ஒளி வளைவது கொஞ்சம் வேறுபடும். அந்த வகைக் கருவியைச் சைபரில் மட்டும் சரிசெய்தால், 35 பிபிடி கடல்நீரை 36.5 என்று காட்டும். அது 35 காட்டும்போது தொட்டியில் உண்மையில் 33.5 அளவில்தான் இருக்கும். உங்கள் நண்பர் பக்கம் நியாயம் இருக்கலாம்!

கேள்வி: அந்தத் திரவத்தை வீட்டிலேயே கலக்க முடியாதா?

பதில்: முடியும். 36.5 கிராம் சாதாரண உப்பு, 963.5 கிராம் ஆர்ஓ தண்ணீர். இந்தக் கரைசலில் ஒளி வளைவது 35 பிபிடி கடல்நீரில் வளைவதைப் போலவே இருக்கும். உப்பு உலர்ந்திருக்க வேண்டும். ஸ்பூன் கணக்கு வேண்டவே வேண்டாம், தராசில் நிறுத்துத்தான் போட வேண்டும். ஒரு கிராம் பிசகினால் கிட்டத்தட்ட 1 பிபிடி பிசகும். தண்ணீர் ஆவியாகிவிட்டால் கரைசல் கெட்டியாகிவிடும், ஆகவே இறுக மூடி வையுங்கள்.

கேள்வி: கண்டக்டிவிட்டி மீட்டரை (மின்கடத்துதிறனை அளக்கும் கருவி) சரிபார்க்க வாங்கிய 53 மில்லிசீமென்ஸ் (மின்கடத்துதிறனின் அலகு) திரவம் இருக்கிறது. அதையே ரிஃப்ராக்டோமீட்டருக்கும் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். ஒன்று மின்சாரம் கடப்பதை அளக்கிறது, மற்றது ஒளி வளைவதை. ஒன்றில் 35-க்குச் சமமாக இருக்கும் கரைசல் மற்றதிலும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. பொட்டாசியம் குளோரைடில் செய்த திரவமாக இருந்தால் எண் எங்கேயோ போய்விடும். பாட்டிலில் எந்தக் கருவிக்கு என்று போட்டிருக்கிறதோ, அதற்கு மட்டும்.

கேள்வி: முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் (நீரின் அடர்த்தியை வைத்து உப்பளவைக் காட்டும் கருவி) போதாதா?

பதில்: மீன் மட்டும் உள்ள தொட்டிக்குச் சமாளிக்கலாம். முள்ளில் ஒரு குமிழி ஒட்டினாலே மேலே தூக்கிக் காட்டும், உப்புப் படிந்தால் கீழே இழுக்கும். பவளம் வளர்ப்பவருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கேள்வி: கண்ணாடி ஹைட்ரோமீட்டரில் 1.025 வருகிறது. அது சரியான அளவுதானே?

பதில்: 25 டிகிரியில் 35 பிபிடிக்குரிய ஒப்படர்த்தி (நல்ல தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.0264. உங்கள் 1.025 சுமார் 33 பிபிடி. அதற்கு முன், தண்டில் எந்த வெப்பநிலை அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். 60 டிகிரி ஃபாரன்ஹீட் என்று இருந்தால் அது குளிர்ந்த நீருக்குக் குறித்தது. தொட்டியின் 25 டிகிரி செல்சியஸ் நீரில் மிதக்கவிட்டால் 2 பிபிடி அளவுக்குக் குறைத்துக் காட்டும். அப்படியானால் உங்கள் தொட்டி 35-லேயே இருக்கிறது என்றாகிவிடும். அவசரப்பட்டு உப்பைக் கொட்டிவிடாதீர்கள். திருத்த அட்டவணை இருந்தால் பழைய கண்ணாடிக் கருவியே அருமையாக வேலை செய்யும்.

கேள்வி: வெப்பத் திருத்தம் உள்ள ரிஃப்ராக்டோமீட்டர்தான். ஆனாலும் அடுத்தடுத்து அளந்தால் எண் மாறுகிறதே?

பதில்: சொட்டு விட்டதும் மூடியை மூடி அரை நிமிடம் பொறுங்கள். சொட்டு கருவியின் சூட்டுக்கு வந்த பிறகுதான் அந்தத் திருத்தம் பலிக்கும். மூடாமல் வைத்தால் நீர் ஆவியாகி எண் ஏறும். முந்தைய சொட்டின் உப்பு கண்ணாடியில் காய்ந்திருந்தாலும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் ஆர்ஓ தண்ணீரால் துடைத்து, உலரவிட்டு அளக்கவும்.

கேள்வி: கருவியைச் சரிசெய்தபின் பார்த்தால் என் 100 லிட்டர் தொட்டி 33-ல் இருக்கிறது. உடனே உப்பு போடலாமா?

பதில்: தொட்டிக்குள் நேராகப் போடாதீர்கள். ஆவியாகும் நீருக்கு ஈடாக ஊற்றுகிறீர்களே, அந்த நல்ல தண்ணீருக்குப் பதில் சில நாள் 35 பிபிடி உப்புநீர் ஊற்றினால் போதும். தேவை சுமார் 200 கிராம் உப்பு. நாளுக்கு 2 லிட்டர் ஆவியானால் 70 கிராம் உள்ளே போகும், மூன்று நாளில் முடிந்துவிடும். பிறகு மறக்காமல் நல்ல தண்ணீருக்கு மாறிவிடுங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கும். 100-ல் 5 லிட்டர் குறைந்தாலே 35 என்பது 36.8 ஆகிவிடும். அதனால் அளப்பதற்கு முன் நீர்மட்டத்தைக் குறிக்குக் கொண்டுவந்து, நன்றாகக் கலந்தபின் அளக்க வேண்டும்.

கேள்வி: கையிலிருக்கும் டிடிஎஸ் மீட்டரால் (நீரில் கரைந்துள்ள உப்புகளை அளப்பது) அளக்க வழி உண்டா?

பதில்: இல்லை. கையடக்கமானவை பெரும்பாலும் 10,000 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் பங்கு; 1 பிபிடி என்பது 1,000 பிபிஎம்) நின்றுவிடும், கடல்நீரோ 35,000. ஆர்ஓ வடிகட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க அதை வைத்துக்கொள்ளுங்கள்.