எமர்ஜென்சியில இருந்து வீட்டுக்கு வந்தாச்சு, அப்புறம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மேடம், அப்பாவுக்கு 71 வயசு, ஹார்ட் ஃபெயிலியர் (இதயம் ரத்தத்தை சரியா பம்ப் பண்ண முடியாத நிலை). போன வாரம் ராத்திரி மூச்சுத் திணறி எமர்ஜென்சிக்கு கொண்டு போனோம், ஊசி போட்டு நீர் இறங்க வச்சு மறுநாள் அனுப்பிட்டாங்க. ஹெல்த் கோச் ஒருத்தங்க கொஞ்ச நாளைக்கு போன் பண்ணுவாங்கன்னு சொன்னாங்க. அவங்க டாக்டர் இல்லயே, எதுக்கு? அப்பா வேற "எனக்கு யாரும் க்ளாஸ் எடுக்க வேண்டாம்"னு கோவப்படுறாரு.

பதில்: தயவுசெஞ்சு அந்த போனை அவரையே எடுத்து பேச வைங்கம்மா. எமர்ஜென்சியில உயிரைக் காப்பாத்தறதுதான் முதல் வேலை, இந்த திணறல் ஏன் வந்துச்சுன்னு உக்காந்து விசாரிக்க அங்க நேரம் இருக்காது. மூச்சு சரியாச்சே தவிர நோய் அப்படியேதான் இருக்கு, ராத்திரி பூரா தூங்காத களைப்புல டிஸ்சார்ஜ் அன்னைக்கு சொன்னதுல பாதி யாருக்கும் மண்டையில ஏறாது, வீட்டுக்கு வந்து பாத்தா பழைய மாத்திரையும் புது மாத்திரையும் கலந்து கிடக்கும். அந்த முதல் சில வாரம் நோயைத் தானே பாத்துக்க அவரைப் பழக்கி விடத்தான் கோச்.

அமெரிக்காவுல கொலராடோ பல்கலைக்கழகத்து டாக்டர் எரிக் கோல்மன் இதை ஒரு முறையா வகுத்தாரு. மருந்தை தானே சரியா எடுக்கத் தெரியணும், நோய் விவரம் எழுதின குறிப்பு தன் கையில இருக்கணும், டாக்டரை திரும்பப் போய் பாக்கணும், ஆபத்து அறிகுறி தெரிஞ்சிருக்கணும், இந்த நாலுதான் அடிப்படை. 2006ல வந்த அவங்க ஆய்வுல 65 வயசு தாண்டின 750 பேர் இருந்தாங்க, 30 நாளுக்குள்ள மறுபடி அட்மிட் ஆனவங்க கோச் இருந்த பக்கம் 100க்கு 8.3, இல்லாத பக்கம் 11.9. ஆனா அது வார்டுல அட்மிட் ஆகிப் போனவங்களை வச்சு பண்ணது, எமர்ஜென்சியில இருந்து நேரா வீட்டுக்கு வர்றவங்களுக்கும் அதே அளவு பலன் கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன்.

நல்ல கோச் முதல்ல கேக்கறது, வீட்ல இருக்கற மாத்திரை எல்லாத்தையும் மேசையில கொட்டுங்கன்னுதான். பேர் வேற வேற, உள்ள ஒரே மருந்து, ரெண்டு அட்டையும் தினம் ஓடிட்டு இருக்கும். இல்லன்னா மூட்டு வலிக்குன்னு தானா வாங்கிப் போட்ட இபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் எட்டிப் பாக்கும். இந்த மாதிரி வலி மாத்திரை உடம்புல உப்பையும் தண்ணியையும் தேக்கும், ஹார்ட் ஃபெயிலியர்காரங்களுக்கு திணறலைத் திரும்பக் கூட்டிட்டு வர இது ஒண்ணே போதும். அப்பா வீட்லயும் அப்படி ஏதாவது இருக்கான்னு இன்னைக்கே பாருங்க, இருந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க.

அடுத்தது எடை. காலைல எழுந்து யூரின் போயிட்டு, சாப்பிடறதுக்கு முன்னாடி, தினமும் ஒரே மெஷின்ல. ஒரே நாள்ல ஒரு கிலோவுக்கு மேலயோ ஒரு வாரத்துல 2 கிலோவுக்கு மேலயோ ஏறினா உள்ள தண்ணி சேருதுன்னு எடுத்துக்கிட்டு டாக்டருக்கு போன் பண்ணணும் (அவருக்குன்னு டாக்டர் வேற கணக்கு குடுத்திருந்தா அதுதான்). கால் வீங்கறதுக்கும், படுத்தா மூச்சு முட்டி தலையணையை ரெண்டு மூணா அடுக்கறதுக்கும் முன்னாடியே பல நேரம் எடை காட்டிக் குடுத்துடும். அந்த நோட்டை அப்பாவே எழுதட்டும், கோச் கேக்கும்போது நீங்க குறுக்க பதில் சொல்லாதீங்க. அவர் கோவமே எல்லாரும் தன்னைப் பத்தி தன்னைத் தாண்டி பேசறாங்கன்னுதான் இருக்கும்னு எனக்குப் படுது.

கேள்வி: இன்சுலின் போடறேன், ராத்திரி லோ சுகராகி எமர்ஜென்சிக்கு போயிட்டு வந்தேன். இப்ப போன் பண்ற கோச் கேள்வியா கேக்கறாரு, ஒரு அட்வைஸும் இல்ல. டைம் வேஸ்ட்டா?

பதில்: இல்லங்க, அந்தக் கேள்விதான் அவர் வேலையே. வில்லியம் மில்லர்ங்கற உளவியலாளர் 1983ல குடிப்பழக்கத்துல இருந்து வெளிய வர்றவங்களுக்காக எழுதின முறை இது, அப்புறம் ஸ்டீஃபன் ரோல்னிக்கும் சேர்ந்து விரிவாக்கினாரு. நான் சொல்லி நீங்க தலையாட்டறதை விட உங்க வாயாலயே காரணம் வந்தா அது நிக்கும். "அன்னைக்கு சாயங்காலத்துல இருந்து என்ன நடந்துச்சு"ன்னு அவர் கேட்டிருப்பாரு, யோசிச்சா சாப்பாடு தள்ளிப் போயிருக்கும், ஊசி மட்டும் வழக்கமான அளவுல ஏறியிருக்கும்.

"திரும்ப லோ ஆனா என்ன பண்ணுவீங்க"ன்னு கேட்டா தடுமாறாம சொல்லிப் பாருங்க. 70க்கு கீழ போனா உடனே 15 கிராம் குளுக்கோஸ் இல்ல சர்க்கரை கரைச்ச தண்ணி, 15 நிமிஷம் கழிச்சு திரும்ப டெஸ்ட், ஏறலன்னா மறுபடி அதே. இதை வீட்ல இன்னொருத்தருக்கும் சொல்லி வைங்க, நினைவு தப்பினவங்க வாயில எதையும் ஊத்தக் கூடாதுங்கறதையும் சேத்து.

ஒண்ணு நீங்க எழுதல, ஆனா கேக்கறேன். பயந்து போய் ஊசி அளவை நீங்களே குறைச்சிட்டீங்களா? லோ ஆகி வந்தவங்க நிறைய பேர் பண்றது இது, கொஞ்ச நாள்ல சுகர் தாறுமாறா ஏறி அதே எமர்ஜென்சிக்கு வேற காரணத்தோட போய் நிப்பாங்க. குறைச்சிருந்தா கோச்கிட்ட மறைக்காம சொல்லுங்க, அவர் திட்ட மாட்டாரு, டாக்டர்கிட்ட விஷயத்தைக் கொண்டு போவாரு.

கேள்வி: அம்மாவுக்கு ஆஸ்துமா அட்டாக் வந்து இப்ப பரவால்ல. ஹெல்த் கோச்னு ஒருத்தங்க அறிமுகமாகி, தினசரி இன்ஹேலரை நிறுத்திட்டு அவங்க விக்கற பவுடரை எடுக்கச் சொல்றாங்க.

பதில்: உடனே விலகிடுங்க. மருந்தை நிறுத்தவோ அளவை மாத்தவோ கோச்சுக்கு அதிகாரமே கிடையாது, பொருள் விக்கறவங்க கோச்சும் கிடையாது. தினசரி இன்ஹேலர் மூச்சுக்குழாய் வீக்கத்தை மெல்ல மெல்ல அடக்கறது, அம்மா பரவால்லன்னு இருக்கறதே அதனாலதான் இருக்கலாம், நிறுத்தினா அடுத்த அட்டாக்குக்கு வழி விட்ட மாதிரி. ஆஸ்பத்திரி மூலமா கோச் கிடைச்சா அவங்க முன்னாடி அம்மாவை இன்ஹேலர் எடுத்துக் காட்டச் சொல்லுங்க, குலுக்காம அடிக்கறது, அடிச்சதும் மூச்சைப் பிடிக்காம விட்டுடறது எல்லாம் அப்பதான் தெரிய வரும். பேச ஒரு வாக்கியம் முடிக்க முடியல, உதடு நீலமாகுது, ரிலீவர் (திணறும்போது உடனே அடிக்கற இன்ஹேலர்) அடிச்சும் கேக்கலன்னா கோச்சுக்கு போன் போட்டு நேரம் கடத்தாதீங்க, நேரா எமர்ஜென்சி.